பார்க்கின்சன் நோயாளியின் பயம்: தைரியம் சொன்னால் ஏன் தீர்வதில்லை?

உங்கள் தந்தைக்கு நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய் வந்தபின் சின்ன விஷயத்துக்கெல்லாம் பயப்படுகிறார் என்றும், எவ்வளவு தைரியம் சொன்னாலும் பயனில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் அம்மாவுக்கு இந்நோய் இருப்பது தெரிந்து 9 ஆண்டுகள் ஆகின்றன. முதல் இரண்டு ஆண்டுகள் நாங்களும் தைரியம்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

இந்தப் பயம் நோயின் ஒரு பகுதி. மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருள் குறைவதால் கை நடுங்குகிறது, நடை தளர்கிறது என்பது பலருக்கும் தெரியும். ஆனால் மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின், நார் அட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்களைச் சுரக்கும் நரம்பணுக்களும் இந்நோயில் சிதைகின்றன என்பதை எங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பதற்ற நோய் இருக்கிறது. சிலருக்கு நடுக்கம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது வந்துவிடுகிறது.

அம்மா காலை 8 மணிக்கு, டோபமின் குறைவை ஈடுசெய்யும் லெவோடோபா மாத்திரை போட்டுக்கொள்வார். 11.30 மணி வாக்கில் அடிவயிற்றைப் பிசைகிறது என்பார். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பார். சமையலறை நிலைப்படியைத் தாண்ட முடியாமல், கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவார். மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், பயம் வந்த நேரம் மூன்றையும் நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் ஒரு மாதம் குறித்து வந்தபோது, மருந்தின் வேகம் அடங்கும் வேளையில்தான் பயம் வருகிறது என்பது கண்கூடாகத் தெரிந்தது. அத்தாள்களைப் பார்த்த நரம்பியல் மருத்துவர் மாத்திரை வேளைகளை நெருக்கி அமைத்து, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போடச் சொன்னார். பால், பருப்பு, முட்டை ஆகியவற்றின் புரதம் அம்மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கக்கூடும். 11.30 மணிப் பயம் பெருமளவு தணிந்தது.

நாள் முழுவதும் பயம் நீடித்தால் மனநல மருத்துவரையும் பாருங்கள்; அதற்குத் தனி மருந்தும் பேச்சுவழிச் சிகிச்சையும் உண்டு. தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகளை மட்டும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள், வயதானவர்கள் தடுமாறி விழுந்துவிடுவார்கள். லெவோடோபாவைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

அம்மா நிலைப்படியில் நின்றுவிட்டால் இப்போது நாங்கள் கையைப் பிடித்து இழுப்பதில்லை. பக்கத்தில் நின்று “ஒன்று, இரண்டு” என்று நிதானமாக எண்ணுகிறோம்; மூன்றைச் சொல்லியபடி அவரே காலைத் தூக்கி வைக்கிறார்.