நானோ துத்தநாக ஆக்சைடு கலந்த பிளாஸ்டிக் பாக்டீரியாவைக் கொல்லுமா?

கேள்வி: பாலிப்ரொப்பிலீனில் கைப்பிடிகளும் உணவுத் தட்டுகளும் வார்க்கும் சிறிய தொழிற்கூடம் நடத்துகிறேன். நானோ துத்தநாக ஆக்சைடு உள்ள மாஸ்டர்பேட்சை (சேர்மானம் செறிவாகக் கலந்த பிளாஸ்டிக் குருணையை) சேர்த்தால் 99 விழுக்காடு பாக்டீரியா அழியும் என்கிறார் விற்பனையாளர். எவ்வளவு சேர்க்க வேண்டும்? அதை நம்பி வாடிக்கையாளருக்கு உறுதி கொடுக்கலாமா?

பதில்: சரியாகச் செய்தால் பலன் கிடைக்கும். ஆனால் அந்த 99 விழுக்காட்டை உங்கள் அச்சிலிருந்து வெளிவரும் பொருளில் சோதித்துப் பார்க்காமல் யாருக்கும் உறுதி கொடுக்காதீர்கள்.

துத்தநாக ஆக்சைடு பாக்டீரியாவை மூன்று வழிகளில் தாக்குகிறது. ஈரத்தில் மெல்லக் கரைந்து துத்தநாக அயனிகளை வெளியிடுகிறது. ஒளி படும்போது, ஓரளவுக்கு இருளிலும்கூட, வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. துகள் நேரடியாகத் தொடும் இடத்தில் செல்சவ்வு சேதமடைகிறது. இம்மூன்றுக்குமே துகள் பரப்புக்கு அருகில் இருக்க வேண்டும், ஈரமும் வேண்டும். 30 நானோமீட்டர் துகள் ஒரு கிராமுக்குச் சுமார் 36 சதுர மீட்டர் பரப்பைத் தரும். ஒரு மைக்ரோமீட்டர் துகள் தருவதோ ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர்தான். நானோ அளவைத் தேடுவதற்குக் காரணம் இதுவே.

எடையில் 2 விழுக்காடு சேர்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். துத்தநாக ஆக்சைடின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 5.6 கிராம், பாலிப்ரொப்பிலீனுடையது சுமார் 0.9 கிராம் என்பதால், கன அளவில் அது 0.33 விழுக்காடு மட்டுமே. துகள்கள் முற்றிலும் சீராகப் பரவினாலும் வெட்டுப்பரப்பில் அவை தென்படும் பங்கும் அவ்வளவுதான். வார்ப்பின்போது பரப்பில் படியும் மெல்லிய பாலிமர் (பிளாஸ்டிக்) படலம் அதில் ஒரு பகுதியையும் மூடிவிடுகிறது. பாலிப்ரொப்பிலீன் நீரை ஏற்காத பொருள் என்பதால், உள்ளே புதைந்த துகளிலிருந்து அயனிகள் வெளியேறுவதும் எளிதன்று. போதாக்குறைக்கு, நீர்நாட்டமுள்ள ஆக்சைடுத் துகள்கள் இந்தப் பாலிமரில் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். திரண்டபின் நானோ என்ற பெயர் மட்டும்தான் மிஞ்சும். ஆகவே அளவை ஏற்றிக்கொண்டே போவதைவிட, சிலேன் பூச்சுள்ள (பிளாஸ்டிக்கோடு இணங்கவைக்கும் சிலிக்கான் சேர்மப் பூச்சு) துகளா, மாஸ்டர்பேட்ச் இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடரில் (உருக்கிப் பிசையும் எந்திரத்தில்) கலக்கப்பட்டதா, துகள் பரவலைக் காட்டும் மின்னணு நுண்ணோக்கிப் படம் உண்டா என்று விற்பனையாளரைக் கேளுங்கள். தடித்த பொருளில் முழுவதும் கலப்பதற்குப் பதிலாக வெளி அடுக்கில் மட்டும் சேர்ப்பது பெரும்பாலும் சிக்கனமான வழி. பொடியை நேரடியாக ஹாப்பரில் கொட்ட வேண்டாம்: பரவலும் கெடும், பணியாளர் மூச்சிலும் தூசி ஏறும்.

அந்த 99 விழுக்காடு பெரும்பாலும் ஐஎஸ்ஓ 22196 என்ற பன்னாட்டுத் தரநிலைச் சோதனையிலிருந்து வருவது. 5 சென்டிமீட்டர் சதுரத் துண்டின் மீது பாக்டீரியா கலந்த திரவத்தை இட்டு, மேலே படலம் போர்த்தி, 35 டிகிரி செல்சியஸிலும் 90 விழுக்காட்டுக்குக் குறையாத ஈரப்பதத்திலும் 24 மணி நேரம் வைத்துப் பிறகு எண்ணுகிறார்கள். கலக்காத துண்டில் பத்து லட்சம் உயிரணுக்கள் இருக்கும்போது கலந்த துண்டில் பத்தாயிரம் மிஞ்சினால் அது 99 விழுக்காடு. பொருட்களை ஒப்பிட இது நல்ல சோதனைதான். ஆனால் பலரும் அடுத்தடுத்துத் தொட்டுப் போகும் உலர்ந்த கைப்பிடியில் இந்த ஈரமும் இல்லை, இந்த அவகாசமும் இல்லை. எண்ணெயும் அழுக்கும் படிந்தால் துகளுக்கும் பாக்டீரியாவுக்கும் இடையே திரை விழுந்துவிடும். எனவே கழுவுவதை இது குறைக்காது.

உங்கள் வார்ப்புத் துண்டையே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கலக்காத துண்டையும், பயனர் கையாளும் அதே சலவைப்பொருளால் பலமுறை கழுவிய துண்டையும் சேர்த்து அனுப்புவது மிக முக்கியம். துத்தநாக ஆக்சைடு அமிலத்திலும் வலுவான காரத்திலும் கரையும். கழுவிய துண்டின் முடிவே ஆயுளைச் சொல்லும்.

மாற்றுகளைப் பற்றிச் சுருக்கமாக: தாமிர ஆக்சைடு வீரியம் மிக்கது, ஆனால் பொருளின் நிறத்தை மாற்றும், பாலிப்ரொப்பிலீன் ஆக்சிஜனேற்றத்தால் சிதைவதையும் விரைவுபடுத்தும். டைட்டானியம் டை ஆக்சைடுக்குப் பொதுவாகப் புறஊதா ஒளி தேவை. அது பாலிமரையும் அரிக்கும். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் வழக்கமாக இருக்கும் டைட்டானியம் நிறமியின் வினையைப் பூச்சு கொடுத்து அடக்கியிருப்பார்கள். அதைக் காட்டி யாரேனும் கிருமி எதிர்ப்பு என்றால் ஏற்க வேண்டாம்.

வாடிக்கையாளரிடம் "பரப்பில் பாக்டீரியா பெருகுவதைக் கட்டுப்படுத்தும்" என்று சோதனை முறையையும் நிபந்தனைகளையும் குறிப்பிட்டு எழுதிக் கொடுக்கலாம். நோயைத் தடுக்கும் என்று எழுதக் கூடாது; அதற்கு இந்தச் சோதனை சான்றாகாது.

தட்டுகளுக்கு மட்டும் ஒரு கூடுதல் படி உண்டு. உணவுக்குள் துத்தநாகம் எவ்வளவு இறங்குகிறது என்பதை, குறிப்பாகப் புளிப்பான உணவுக்கான மாதிரிக் கரைசலில், அளந்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய விதிகளில் இதற்கான வரம்பு ஒரு கிலோ உணவுக்கு 5 மில்லிகிராம். கைப்பிடிகளில் முதலில் தொடங்கி, இந்த அளவீடு கையில் கிடைத்த பிறகு தட்டுகளுக்கு வாருங்கள்.