பஸ்ராவைப் பற்றிய பேச்சுக்கு ஓம் போட வேண்டியதில்லை

தம்பி, லண்டனுக்குப் படிக்க வந்து பகுதிநேரமாகக் களஞ்சியமொன்றில் வேலை செய்யும் நீங்கள் அறை முற்பணம், வங்கிக் கணக்கு, தேசியக் காப்புறுதி இலக்கம் ஆகியவற்றோடு இன்னொன்றையும் கேட்டிருக்கிறீர்கள். முன்னொரு காலத்தில் பிரித்தானியப் படைவீரராக ஈராக்கின் தென்நகரமான பஸ்ராவில் இருந்த உங்கள் மேற்பார்வையாளர், ஈராக்குக்குப் போனதும் அங்கே தங்கி ஆண்டதும் சரியே என்று இடைவேளைகளில் பேசுகிறார். அங்கே வேலை செய்யும் நம்மவர் இருவரோ, ஓமென்று சொல்லிவிடு, மறுத்தால் விசாவுக்குச் சிக்கல் வரும் என்று உங்களுக்குப் புத்தி சொல்கிறார்கள். முதல் மூன்று விடயங்களுக்கும் உங்கள் பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசனைப் பிரிவு போதும். முற்பணத்தை மட்டும் எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், அவர் தமிழராக இருந்தாலும். எனக்கு எழுத வேண்டியிருப்பது நான்காவதைப் பற்றித்தான்.

விசாப் பயத்தை முதலில் ஒதுக்கி வையுங்கள். அரசு நடத்திய போரைத் தவறென்று சொல்வது இந்நாட்டில் குற்றமன்று. 2003 பெப்ரவரி 15ஆம் திகதி இதே நகரத்தில் காவல்துறையின் கணக்குப்படியே ஏழரை லட்சம் பேர் ஈராக் போருக்கு எதிராக நடந்தார்கள். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை முடித்து நித்திரையில்லாமல் நானும் அதில் நடந்தேன். அகதியாக வந்தவனுக்கு இந்த வேலை தேவையா என்று என்னைக் கேட்டவர்களும் நம்மவர்கள்தான். நீங்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் வேறு. தடைசெய்யப்பட்ட அமைப்பொன்றுக்கு ஆதரவு திரட்டுவது 2000ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின்படி குற்றம், விடுதலைப் புலிகள் இயக்கம் 2001 முதல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் நம்மில் பலர் எதைப் பற்றியும் வாய் திறக்காமல் முப்பது வருடங்களைக் கழித்துவிட்டார்கள்.

உங்கள் மேற்பார்வையாளர் சொல்லக்கூடியவற்றை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். ஈராக்கை ஆண்ட சதாம் ஹுசைன் கொடியவர் என்பதுதான் எப்போதும் முதலில் வரும், அதை நீங்கள் மறுக்கவே கூடாது. 1988 மார்ச்சில் ஈராக்கின் வடக்கே ஹலப்ஜாவில் அவருடைய படையின் நச்சு வாயுவால் ஏறத்தாழ ஐயாயிரம் குர்திய மக்கள் கொல்லப்பட்டது உண்மை. ஆனால் ஹலப்ஜா நடந்தபோது ஈரானோடு போரிட்டுக்கொண்டிருந்த சதாமுக்கு ஆதரவாக நின்றவை மேற்கு அரசுகள் என்பதையும், பதினைந்து வருடங்களுக்குப் பிறகு படை அனுப்பியபோது அவை முன்வைத்த காரணம் ஹலப்ஜா மக்களுக்கான நீதி அல்ல, ஈராக்கிடம் இருப்பதாகச் சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதங்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்திருங்கள். அந்த ஆயுதக் கிடங்குகள் கண்டுபிடிக்கப்படவே இல்லை. அந்தச் சந்தேகத்தை நேரத்தோடு எழுப்பிய ரொபின் குக் 2003 மார்ச் 17 அன்று அமைச்சர் பதவியைத் துறந்தார். மறுநாள் பாராளுமன்றம் 412க்கு 149 என்ற வாக்குகளால் போருக்கு இணங்கியது.

கொடியவரை அகற்றிய பிறகு நடந்ததை ஆதரவாளர்கள் வேகமாகக் கடந்துவிடுவார்கள். அங்கேதான் நீங்கள் நிற்க வேண்டும். அந்த வருடம் மே 22 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 1483ஆம் இலக்கத் தீர்மானம் அமெரிக்காவையும் பிரித்தானியாவையும் ஆக்கிரமிப்பு வல்லரசுகளாகவே குறிப்பிட்டது. ஆக்கிரமித்த நாட்டில் பொது ஒழுங்கைக் காப்பது படையெடுத்தவரின் சட்டக் கடமை என்று 1907ஆம் ஆண்டு ஹேக் விதிகள் சொல்கின்றன. பக்தாத் அருங்காட்சியகம் நாட்கணக்கில் சூறையாடப்பட்ட அதே வேளையில் எண்ணெய் அமைச்சுக்கு அமெரிக்கப் படையினர் காவல் நின்றார்கள். மே 23 அன்று ஈராக்கை ஆள அமெரிக்கா அனுப்பிய நிர்வாகி போல் பிறெமர் ஒரே உத்தரவில் ஈராக்கிய இராணுவத்தைக் கலைத்தார். சம்பளமின்றி, மானமிழந்து, துப்பாக்கியோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட லட்சக்கணக்கான ஆண்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பதற்கு இராணுவ அறிவு எதுவும் தேவையில்லை, ஊரில் இளைஞர்களோடு வாழ்ந்த அனுபவம் போதும். பிறகு வந்த வன்முறையைக் காட்டி, பார், அவர்களுக்கு ஒழுங்காக வாழத் தெரியாது, நாங்கள் இருந்தே ஆக வேண்டும் என்று வாதிடுவது எனக்குத் தாங்க முடியாத அநியாயமாகப் படுகிறது. தேர்தல் நடந்ததே என்பார்கள். நடந்தது, ஒன்றரை லட்சம் அந்நியப் படையினர் நாட்டுக்குள் நின்றபோது நடந்தது.

அமெரிக்கர்கள்தான் முரடர்கள், பிரித்தானியப் படை பஸ்ராவில் மக்களோடு பண்பாகப் பழகியது என்பது இந்நாட்டுக்கே உரிய வாதம், உங்கள் மேற்பார்வையாளர் அதை மனதார நம்பவும் கூடும். பஸ்ராவில் விடுதி வரவேற்பாளராக வேலை பார்த்த பாஹா மூசா என்ற இருபத்தாறு வயது இளைஞர் 2003 செப்டெம்பரில் பிரித்தானியப் படையின் காவலில் இறந்தார். அவர் உடலில் 93 காயங்கள் இருந்தன. இதைச் சொல்வது எதிரிகள் அல்ல, இந்நாட்டு அரசே அமைத்து 2011இல் அறிக்கை வெளியிட்ட பொது விசாரணை. ஈராக் போரைப் பற்றி இந்நாட்டு அரசு அமைத்த இன்னொரு விசாரணையின், 2016 ஜூலை 6 அன்று வெளியான சில்கொட் அறிக்கையோ, அமைதி வழிகள் தீர்வதற்கு முன்பே போர் தொடங்கப்பட்டது என்றும், பின்விளைவுகளுக்கான திட்டமிடல் முற்றிலும் போதாது என்றும், பொதுமக்கள் எத்தனை பேர் இறந்தார்கள் என்று அறிய அரசு கூடுதலாக முயன்றிருக்க வேண்டும் என்றும் எழுதியது. பஸ்ராவில் தங்களைத் தாக்கிக்கொண்டிருந்த ஆயுதக் குழுவோடு உடன்பாடு செய்வதே மிஞ்சிய வழி என்ற நிலைக்கு வந்தது அவமானகரமானது என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

நான் இவ்வளவு கோபத்தோடு எழுதுவதற்குக் காரணம் உங்களுக்கு விளங்கும், உங்கள் தாய் தந்தையர் சொல்லியிருப்பார்கள். 1987 ஜூலை இறுதியில் இந்திய அமைதிப்படை பலாலியில் வந்து இறங்கியபோது நாங்கள் மாலை போட்டோம். என்னுடைய அம்மா வீதிக்குப் போய் அவர்களுக்குத் தேநீர் கொடுத்தார். ஒக்ரோபர் 10ஆம் திகதி சண்டை தொடங்கிய பிறகு அதே படையின் ஷெல்லுக்குப் பயந்து நல்லூர்க் கந்தசுவாமி கோவிலில் ஆயிரக்கணக்கான சனத்தோடு படுத்திருந்தோம். அம்மாத 21ஆம் திகதி, தீபாவளி நாளில், யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் வைத்தியர்களும் தாதியரும் நோயாளரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். படை 1990 மார்ச்சில் வெளியேறும்வரை சுற்றிவளைப்பு, அடையாள அணிவகுப்பு, வீட்டுச் சோதனை என்றே எங்கள் நாட்கள் போயின. அந்தச் சிப்பாய்களில் நல்லவர்களும் இருந்தார்கள். எங்கள் ஒழுங்கையில் நின்ற ஒருவர் தன் பிள்ளையின் படத்தை எங்களுக்குக் காட்டுவார். அவர் நல்லவராக இருந்ததால் நள்ளிரவில் கதவு தட்டப்பட்டபோது எங்களுக்குப் பயம் குறையவில்லை. பஸ்ராவில் பண்பாக நடந்துகொண்ட ஒரு சிப்பாயின் கதையை யாராவது ஆதாரமாகக் காட்டும்போது, கதவுக்கு உள்ளே இருந்தவர்களை நான் நினைக்கிறேன்.

அதனால்தான் நம்மவர்கள்மீது எனக்கு ஆற்றாமை அதிகம். ஈராக்கின் ஃபலூஜா நகரம் 2004இல் இரண்டு முறை தாக்கப்பட்டபோது, போரென்றால் இப்படித்தான், அரபிகளுக்கு அடிதான் விளங்கும் என்று லண்டன் ஈஸ்ட்ஹாம் கடை வாசலில் நின்று பேசியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் 2009 ஏப்ரலில் பாராளுமன்றச் சதுக்கத்தில் என் பக்கத்தில் நின்று, எங்கள் சனம் சாகிறதே, உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறதே என்று அழுதார்கள். அந்த அழுகை பொய்யன்று. ஆனால் ஒரு ஈராக்கியத் தாய்க்கும் அதே அழுகை உண்டு என்பதை ஏற்பதற்கு அவர்களால் இன்றுவரை முடியவில்லை. வெள்ளைக்காரரோடு சேர்ந்து வேறொரு சனத்தைத் தாழ்த்திப் பேசினால் இந்த நாட்டுக்காரராகி விடலாம் என்று நினைப்பவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். நான் இங்கே வேலை செய்தேன், வரி கட்டினேன், மொழி படித்தேன், பிள்ளைகளை வளர்த்தேன். அந்த விலையை ஒருநாளும் கொடுக்கவில்லை, யாரும் என்னை வேலையிலிருந்து நிறுத்தவும் இல்லை.

மேற்பார்வையாளரோடு நீங்கள் தினமும் வாதாட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. அவர் உங்களுக்கு வேலை நேரம் ஒதுக்குபவர், நீங்கள் புதியவர். பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழும்புவதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஓம் போடுவதைத்தான் வேண்டாமென்கிறேன். அந்தப் போரில் 179 பிரித்தானியப் படையினரும் ஊழியரும் இறந்தார்கள், அவர்களில் அவருடைய நண்பர்கள் இருந்திருக்கலாம், ஆகவே அவரைச் சிறுமைப்படுத்தும் ஒரு சொல்லும் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. அனுப்பியவர்களையும் அனுப்பப்பட்டவர்களையும் பிரித்துப் பேசுங்கள். உன்னுடைய கருத்தென்ன என்று அவரே நேராகக் கேட்டால், நான் இராணுவம் நின்ற ஊரிலிருந்து வந்தவன், அதனால் என்னால் இதைச் சரியென்று சொல்ல முடியாது என்று அமைதியாகச் சொல்லுங்கள். மேலும் கேட்டால் பாஹா மூசா விசாரணை அறிக்கையையும் சில்கொட் அறிக்கையையும் குறிப்பிடுங்கள். இரண்டும் யாரும் வாசிக்கக்கூடிய பொது ஆவணங்கள், இரண்டும் அவருடைய நாடே எழுதியவை.