பழைய பூட்டு: செய்தவர் யார், வயது என்ன?

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தாவின் இரும்புப் பெட்டியில் தொங்கும் பித்தளைப் பூட்டின் முகப்பில் ஒரு கிரீடமும், ‘வி.ஆர்.’ என்ற ஆங்கில எழுத்துகளும், ‘பேட்டன்ட்’ என்ற சொல்லும் உள்ளன. இது விக்டோரியா காலத்துக் கஜானாப் பூட்டு என்கிறார் பழம்பொருள் வியாபாரி ஒருவர். நம்பலாமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: காலத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, கஜானாவைப் பொறுத்தவரை இல்லை. ‘வி.ஆர்.’ என்பது 1837 முதல் 1901 வரை ஆண்ட விக்டோரியா அரசியின் பெயர்ச்சுருக்கம்தான். ஆனால், பூட்டுத் தொழிலுக்குப் பேர்போன இங்கிலாந்தின் வில்லன்ஹால் வட்டாரப் பட்டறைகள், யார் வேண்டுமானாலும் வாங்கிச் செல்லும் கடைச் சரக்கிலும் இந்த முத்திரையைத் தாராளமாகக் குத்தின. பிரிட்டிஷ் அரசு தன் உடைமைகளில் இட்ட குறி அம்பு முனை வடிவிலானது. அது இல்லாத பூட்டைக் கஜானாவோடு முடிச்சுப் போட்டால் விலை ஏறும், அவ்வளவுதான்.

செய்தவர் பெயரை முகப்பில் மட்டும் தேடாதீர்கள். சாவித்துளையை மறைக்கும் மூடியைத் தள்ளி அதன் உட்புறத்தையும், வளைகம்பியின் அடிப்பகுதியையும், சாவியின் தலையையும், விளக்கைச் சாய்வாகப் பிடித்துக்கொண்டு பூதக்கண்ணாடியால் பாருங்கள். அங்கே சாய்சதுரக் கட்டம் ஒன்று இருந்து, அதன் மூலைகளில் எழுத்துகளும் எண்களும், உச்சியில் உலோகப் பொருள்களைக் குறிக்கும் ‘I’ என்ற ரோமன் எண்ணும் தெரிந்தால், அந்த வடிவமைப்பு 1842க்கும் 1883க்கும் இடையில் பதிவு செய்யப்பட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். ஆண்டைக் குறிக்கும் எழுத்து 1867 வரை மேல்மூலையிலும், 1868 முதல் வலது மூலையிலும் இருக்கும். 1884இலிருந்து கட்டம் போய், ஒன்றில் தொடங்கி ஏறிச்செல்லும் பதிவு எண் வந்துவிட்டது.

காப்புரிமையைக் குறிக்கும் ‘பேட்டன்ட்’ என்ற சொல்தான் பலரையும் ஏமாற்றுகிறது. ‘சப்’ என்ற இங்கிலாந்துப் பூட்டு நிறுவனத்தின் புகழ்பெற்ற ‘டிடெக்டர்’ பூட்டு 1818இல் காப்புரிமை பெற்றது. அதே பெயரில் பல தலைமுறைகளுக்குப் பூட்டுகள் வந்துகொண்டே இருந்தன. ஆகவே காப்புரிமை பெற்ற ஆண்டைப் பூட்டுச் செய்த ஆண்டாகக் கொள்ளக் கூடாது. அதற்கு முன்னால் செய்திருக்க முடியாது என்று மட்டுமே கொள்ளலாம். போதாக்குறைக்கு, 1916க்கு முந்தைய பிரிட்டிஷ் காப்புரிமை எண்கள் ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்கியவை என்பதால், ஆண்டு இல்லாத எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

போலிகளும் சந்தையில் மலிந்துள்ளன. உண்மையான பூட்டில் அச்சால் குத்திய எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும். பழைய பூட்டிலிருந்து அச்செடுத்து வார்த்த போலியில் எழுத்து மழுங்கி, பள்ளத்தில் மணல் பொரிந்ததுபோல் தெரியும். நட்சத்திரத் திருப்புளி போடும் திருகாணி இருந்தால், அந்தத் திருகாணியாவது 1930களுக்கு முந்தையதல்ல. ஒன்று மட்டும் செய்துவிடாதீர்கள்: புளியும் பிராஸோவும் போட்டுத் தேய்த்தால் பூட்டு பளபளக்கும், எண்கள் போய்விடும்.

கேள்வி: என்னிடமுள்ள கனமான இரும்புப் பூட்டில் ‘எஸ்.ஐ.ஆர்.’ என்று இருக்கிறது. இது எந்தக் கம்பெனி?
- வாசகர், திருச்சி

பதில்: அது தென்னிந்திய ரயில்வேயின் பெயராக இருக்கலாம், அப்படியானால் அது பூட்டைச் செய்தவரின் பெயரல்ல, உரிமையாளரின் பெயர். அந்த நிறுவனம் 1874இல் உருவாகி, 1951 ஏப்ரலில் தெற்கு ரயில்வேயில் இணைந்தது. உங்கள் பூட்டும் அந்த இடைவெளியைச் சேர்ந்தது. ‘எம்.எஸ்.எம்.’ என்று இருந்திருந்தால், மதராஸ் - தென் மராட்டா ரயில்வே 1908இல்தான் பிறந்தது என்பதால், இடைவெளி இன்னும் சுருங்கியிருக்கும். ரயில்வேக்கள் பூட்டுகளை மொத்தமாக வெளியில் வாங்கியதால், செய்தவர் பெயர் வேறிடத்தில் சிறிதாக இருக்கக்கூடும். வளைகம்பியை விரித்துப் பாருங்கள்.

கேள்வி: ‘யேல் அண்ட் டவுன்’ என்று பொறித்த பூட்டு 1868ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று விற்றார்கள். சரியா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இல்லை. லைனஸ் யேலும் ஹென்றி டவுனும் 1868இல் கூட்டுச் சேர்ந்தது உண்மை. ஆனால் நிறுவனம் அந்தப் பெயரை ஏற்றது 1883இல்தான். அமெரிக்கப் பூட்டுகளில் காப்புரிமைத் தேதியையே பொறிப்பது வழக்கம் என்பதால், உங்கள் பூட்டில் அப்படிப் பல தேதிகள் இருந்தால் கடைசித் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டு அதற்குப் பிந்தையது.