மொட்டை வெயிலில் யானை: கரிக்கட்டையாகாமல் படம் எடுப்பது எப்படி?

கேள்வி: ஆகஸ்ட் கடைசி வாரத்தில் இலங்கையின் மின்னேரியா தேசியப் பூங்காவுக்குப் போனேன். பிற்பகல் 2.30க்கு ஜீப் உள்ளே நுழைந்தது. கையில் 100–400 மி.மீ. லென்ஸ். நானூறு படம் எடுத்தும் ஒன்றும் தேறவில்லை. யானை கரிக்கட்டை மாதிரி இருக்கிறது. அதன் காலடியில் நிற்கும் கொக்கு வெறும் வெள்ளைத் திட்டு. ஷட்டர் வேகம் 1/2000 வினாடி வைத்தும் கூர்மை இல்லை. வேறு லென்ஸ் வாங்க வேண்டுமா?

பதில்: வாங்காதீர்கள். கூர்மையைக் கெடுத்தது லென்ஸாக இருக்க வாய்ப்புக் குறைவு. வெயிலில் காய்ந்த தரைக்கு மேலே நெளியும் காற்றுதான், அதாவது கானல்தான், அதைக் கெடுத்திருக்கும். அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. படத்தைக் கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். கை ஆடியிருந்தால் எல்லாக் கோடுகளும் ஒரே திசையில் இழுபட்டிருக்கும். ஃபோகஸ் தவறியிருந்தால் யானைக்கு முன்னாலோ பின்னாலோ உள்ள புல் எங்காவது ஓரிடத்தில் கூர்மையாக இருக்கும். கானல் என்றால் எதுவுமே கூர்மையாக இராது. முதுகுக் கோடு அலை அலையாக நெளியும், தந்தமோ வாலோ இரட்டையாகத் தெரியும், அடுத்தடுத்த இரண்டு படங்களில் நெளிவு வேறு வேறாக இருக்கும்.

சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கின்றன. யானைக்கும் உங்களுக்கும் நடுவே அப்படிப்பட்ட காற்றுத் திரள்கள் எத்தனை கூடுகின்றனவோ அத்தனைக்குப் படம் கெடும். ஷட்டர் வேகம் இதற்கு மருந்தல்ல. 1/4000 வைத்தாலும் ஏற்கெனவே வளைந்து வந்த ஒளியைத்தான் பதிவுசெய்வீர்கள். தூரத்தைக் குறைப்பது ஒன்றே உருப்படியான வழி. மொட்டை வெயிலில் 200 மீட்டருக்கு அப்பால் நிற்கும் கூட்டத்தை 400 மி.மீ.இல் இழுக்கவே வேண்டாம். 40, 50 மீட்டருக்குள் தானாக வரும் யானைக்குக் காத்திருங்கள். வெறும் மண்ணுக்கு மேலே எடுப்பதைவிடப் பச்சைப் புல்லுக்கு மேலேயோ நீருக்கு மேலேயோ எடுத்தால் நெளிவு குறையும். மேகம் சில நிமிடம் மறைத்தாலும் குறையும். தூரத்தில் எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரே காட்சியைப் பத்துப் பதினைந்து படமாகத் தொடர்ந்து அடியுங்கள். காற்று ஒரு கணம் அடங்கும்போது விழுந்த படம் ஒன்றிரண்டு தேறலாம்.

கானலை நாமே உண்டாக்குவதும் உண்டு. ஜீப்பின் சூடான பானட்டுக்கு மேலாகவோ, முன்னால் நிற்கும் வண்டியின் பானட்டுக்கு மேலாகவோ எடுக்காதீர்கள். எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள், அதிர்வும் போகும். கேமராப் பையை ஏசி அறையிலிருந்து எடுத்து நேரே வெயிலில் திறந்தால் கண்ணாடியில் ஈரம் படியும். அரைமணி நேரம் மூடிய பையிலேயே வெளிச்சூட்டுக்குப் பழக விடுங்கள்.

இனி, கரிக்கட்டையும் வெள்ளைத் திட்டும். கேமரா தான் பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். பின்னால் பளபளக்கும் குளமோ வெளிறிய வானமோ இருந்தால் வெளிச்சத்தைக் குறைத்து யானையைக் கறுப்பாக்கும். யானையே படச்சட்டத்தை நிறைத்தால் வெளிச்சத்தைக் கூட்டிக் கொக்கை வெளுக்க வைக்கும். யானை நகர நகர இந்த ஊசலாட்டம் தொடரும். ஆனால் வெட்டவெளியில் எல்லாவற்றின் மீதும் விழுவது ஒரே வெயில்தான். மேகம் வராதவரை அது அதிகம் மாறாது. ஆகவே அளவுகளை நாமே வைக்கும் மேனுவல் முறைக்கு மாறி, அளவை ஒருமுறை குறித்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

தொடக்க அளவு: ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400, அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எண் கூடினால் திறப்பு சிறுக்கும்) எஃப்8, ஷட்டர் 1/1600. ஐஎஸ்ஓ எண்ணையே ஷட்டராக வைத்து (1/400) எஃப்16இல் எடுப்பது என்ற பழைய வெயில் கணக்கிலிருந்து வந்தது இது. வெளுத்த இடங்களைச் சிமிட்டிக் காட்டும் வசதியைக் கேமராவில் போட்டுக்கொண்டு, வெயிலில் நிற்கும் ஓர் உண்ணிக்கொக்கை ஒரு படம் எடுங்கள். கொக்கு சிமிட்டினால் 1/2000, அதற்கும் சிமிட்டினால் 1/2500. சிமிட்டல் நின்ற இடம்தான் உங்கள் அளவு. திரையில் யானை கொஞ்சம் இருட்டாகத் தெரியும், கவலைப்படாதீர்கள். கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் ரா கோப்பில் நிழல் பகுதியை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) தூக்கினால் தோலின் மடிப்புகள் எழுந்து வரும். வெளுத்துப்போன சிறகை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. சுருக்கப்பட்ட ஜேபெக் கோப்பாக மட்டும் எடுத்தால் இந்த வழி பாதிகூடப் பலிக்காது.

எஃப்8 ஏன்? 400 மி.மீ.இல் 50 மீட்டரில் முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) கேமராவுக்குக் கிடைக்கும் கூர்மை ஆழம், அதாவது முன்னும் பின்னுமாகக் கூர்மையாகத் தெரியும் தூரம், சுமார் ஏழரை மீட்டர். தாயும் குட்டியும் அதற்குள் அடங்கும். எஃப்5.6இல் அது ஐந்து மீட்டர் சொச்சம்தான்.

எந்த யானையை எடுப்பது என்பதும் முக்கியம். குளித்துக் கரையேறிய யானை உச்சி வெயிலில் மிகக் கடினம்: ஈரத்தோல் ஏறக்குறைய கறுப்பு, அதன் மேல் கண்ணைக் கூசும் மினுமினுப்பு. மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட யானை வெளிறிய நிறம், அதனால் வெயிலைத் தாங்கும். வெளிர்மண் தரையில் நின்றால் இன்னும் நல்லது. தரையிலிருந்து எழும் ஒளி வயிற்றுக்கும் தாடைக்கும் அடியில் போய் நிழலைத் தளர்த்தும். மேயும்போது தலை குனிந்திருக்கும், கண் இருட்டில் கிடக்கும். புல்லை உதறி வாய்க்குக் கொண்டுபோக முகத்தைத் தூக்கும் கணத்துக்குக் காத்திருந்து அழுத்துங்கள்.

தாயின் நிழலில் குட்டி நின்றால் அதை விடாதீர்கள். அந்த நேரத்தின் மிக மென்மையான ஒளி அங்கேதான் இருக்கிறது. வெயில்பட்ட பகுதி சட்டத்துக்குள் வராமல் நெருக்கமாக வெட்டுங்கள். நிழலில் ஒளி ஏறத்தாழ மூன்று ஸ்டாப் குறைவு என்பதால் ஐஎஸ்ஓ 1000, எஃப்8, ஷட்டர் 1/500 பொருந்தும். வெளியே வந்ததும் பழைய அளவுக்குத் திரும்ப மறக்காதீர்கள்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மின்னேரியா வட அகலக்கோடு 8 பாகையில் இருக்கிறது. ஆகஸ்ட் முடிந்து செப்டம்பர் பிறக்கும் நாட்களில் நண்பகல் சூரியன் அங்கே உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். பிறகு மணிக்கு 15 பாகை வீதம் நேராக இறங்கும். 3 மணிக்கு அது சுமார் 45 பாகை உயரத்தில் இருக்கும், 4 மணிக்கு 30, 5 மணிக்கு 15. நீங்கள் படம் எடுத்த நேரம் முழுவதும் யானையின் புருவமேடு கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது. 4 மணிக்குப் பிறகுதான் ஒளி பக்கவாட்டில் நுழையத் தொடங்கும். அந்தி வெளிச்சமும் அங்கே நீண்டு கிடக்காது, சட்டென்று முடியும். கோடையில் நீர் வடிந்த குளப்படுகையின் இளம்புல்லுக்காகக் கூட்டம் காட்டைவிட்டு இறங்குவதும் பிற்பகலில்தான் கூடுதல். எனவே 3.30க்கு நுழையும்படி ஜீப்காரரிடம் முன்கூட்டியே பேசுங்கள். குளத்தில் நீர் உயர்ந்து நின்றால் புல்வெளி குறையும். அன்று யானைகள் மின்னேரியாவிலா, பக்கத்துப் பூங்காவான கவுடுல்லையிலா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

ஒன்றை மட்டும் அவரிடம் கேட்கவே கேட்காதீர்கள்: "இன்னும் கிட்டப் போங்கண்ணே." யானை மேய்வதை நிறுத்தி, தலையைத் தூக்கி, காதை விரித்து உங்கள் பக்கம் திரும்பினால் வண்டி ஏற்கெனவே நெருங்கிவிட்டது என்று பொருள். பெண் யானைகள் குட்டியை நடுவில் விட்டுச் சூழ்ந்துகொண்டாலும் அப்படியே. கேமராவை இறக்கிவிட்டுப் பின்வாங்கச் சொல்லுங்கள். வறண்ட மாதங்களில் அந்தப் புல்லும் நீரும் அவற்றுக்கு உயிர்.

5 மணிக்கு மேல் சூரியனை எதிரில் வைத்து, இருண்ட காட்டைப் பின்னணியாகக் கொண்டு, மண்ணை வாரி முதுகில் வீசும் யானையைத் தேடுங்கள். 1/1250, எஃப்5.6, ஐஎஸ்ஓவை 800இல் தொடங்கி, தூசி சிமிட்டாத அளவுக்கு ஏற்றுங்கள் அல்லது இறக்குங்கள். அந்தத் தூசி அப்போது பொன்னாக எரியும்.