குடியை விட்டால் நண்பர்களையும் விட வேண்டுமா?

கேள்வி: நாங்கள் இரண்டு பெண்கள், சில வருடங்களாகத் தம்பதியாக வாழ்கிறோம். என் துணைக்குத் தினமும் குடித்தால்தான் தூக்கம். காலையில் கை நடுங்குகிறது. நாளையிலிருந்து ஒரு சொட்டுகூடத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள். ஆனால் எங்களை ஏற்றுக்கொண்ட நண்பர்கள் கூடுவதே குடிக்கிற இடத்தில்தான். ‘நம்மைப் போன்றவர்களுக்கு இது தலையெழுத்து’ என்கிறாள். டாக்டரிடம் எங்கள் உறவைச் சொல்லவும் பயம்.

பதில்: அன்புத் தோழிக்கு, அந்தச் சத்தியத்தை முதலில் தள்ளிப்போடச் சொல்லுங்கள். காலையில் கை நடுங்கும் அளவுக்கு உடம்பு மதுவுக்குப் பழகியவர் சட்டென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். அடுத்து மனக்குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். நாளை செய்ய வேண்டியது டாக்டரிடம் போவது. சில நாட்களுக்கு மாத்திரையும் வைட்டமின் பி1-ம் கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்த வைப்பார்கள். எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், தூக்க மாத்திரை ஏதும் போடுகிறாரா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். இதற்கு உங்கள் உறவைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை.

தலையெழுத்து என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தன்பாலீர்ப்பு கொண்டவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், குடிப்பழக்கம் அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்வது உண்மைதான். காரணம் ஈர்ப்பு அல்ல, அதை ஒளித்து வாழ்கிற பாரம். ‘லீவுக்கு யாரோடு போனீர்கள்?’ என்று அலுவலகத்தில் சாதாரணமாகக் கேட்பார்கள். அந்த ஒரு நொடியில் பதிலை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறதே, அது தினம் தினம் சேர்கிறது. இலான் மேயர் என்ற ஆய்வாளர் 2003-இல் இதைச் ‘சிறுபான்மை அழுத்தம்’ என்று விரிவாக விளக்கினார். அப்புறம், ஒளிக்காமல் கைகோத்து உட்கார பலருக்கும் வெகுகாலம் கிடைத்த இடமே மதுக்கூடம்தான். 1969-இல் நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளர்களின் போராட்டம் வெடித்த ஸ்டோன்வாலும் ஒரு மதுக்கூடம். உங்கள் துணை தேடிப் போவது மதுவை மட்டுமல்ல, தானாக இருக்க முடிகிற அந்த நேரத்தையும்தான். அதையும் சேர்த்துப் பிடுங்கினால் குடியை விட்டது நிலைக்காது என்பது என் திடமான எண்ணம்.

அதனால் அந்தக் கூட்டத்தில் நம்பிக்கையான ஓரிருவரிடம் விஷயத்தைச் சொல்லி, பகலில், மது இல்லாத இடத்தில் சந்தியுங்கள். ‘ஒரே ஒரு ரவுண்டுதானே’ என்பவரைக் கொஞ்ச காலம் தள்ளி வையுங்கள். குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் உதவும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பில் கே, லெஸ்பியன் குழுக்கள் பல வருடங்களாக நடக்கின்றன. இணையம் வழியாகவும் கூடுகிறார்கள்.

நீண்டகால மனநல ஆலோசனைக்குப் போகும்போது மட்டும் உறவைச் சொல்லிவிடுவது நல்லது. பாதிக் கதையை வைத்து யாராலும் உதவ முடியாது. ‘உங்கள் ஈர்ப்பை மாற்றிவிடலாம்’ என்று ஆலோசகர் ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

நீங்கள் பாட்டிலை ஒளிப்பதும் கிளாஸை எண்ணுவதும் வேண்டாம். குடிப்பவர்களின் குடும்பத்தினருக்கென்றே அல்-அனான் குழுக்கள் இருக்கின்றன. உங்கள் துணை டாக்டரிடம் போகத் தயங்கினாலும், அந்தக் குழுவுக்கு நீங்கள் போய்விடுங்கள்.