கட்டுரையைத் திருத்துதல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. 'நூலகத்தின் பயன்கள்' என்று ஒரு கட்டுரை எழுதினாள். இன்னும் நன்றாக எழுதலாம் என்று ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் பிழைகளைத் திருத்தி, நல்ல சொற்களும் மேற்கோள்களும் சேர்த்து மறுபடி எழுதவைத்தேன். இப்போது முன்பைவிட உயிரில்லாமல் இருக்கிறது. அவளுக்கும் ஆர்வம் போய்விட்டது. இரண்டு வடிவங்களையும் இணைத்திருக்கிறேன். மொழிவளம் பெற அவள் என்ன படிக்கலாம்? கையால் எழுதுவது நல்லதா, கணினியிலா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டையும் படித்தேன். முதல் வடிவத்தின் மூன்றாம் பத்தியில் உங்கள் மகள் இப்படி எழுதியிருக்கிறாள்: "எங்கள் நூலகத்தில் நல்ல புத்தகங்கள் பூட்டிய அலமாரியில் இருக்கும். கண்ணாடி வழியாகப் பெயர்களை மட்டும் படிப்போம்." இரண்டாம் வடிவத்தில் இந்த வரிகளைக் காணோம். அந்த இடத்தில் "நூலகங்கள் அறிவுச் சுரங்கங்களாகத் திகழ்கின்றன" என்று இருக்கிறது. எடுத்தது நீங்கள்தானே?

அந்தக் கட்டுரையில் அவள் கண்ணால் கண்டது அந்த இரண்டு வரிகள் மட்டுமே. மீதி எல்லாவற்றையும் நூலகத்துக்குள் காலெடுத்து வைக்காத எவரும் எழுதிவிடலாம். 'பயன்கள்' என்ற தலைப்புக்கு அது ஒத்துவராது என்று நினைத்திருப்பீர்கள். எப்படி ஒத்துவராமல் போகும்? புத்தகம் இருந்தும் கைக்கு எட்டாவிட்டால் என்ன பயன் என்ற கேள்வி அங்கே நிற்கிறது. அவளைக் கேட்டிருந்தால் கட்டுரையே அதிலிருந்து கிளம்பியிருக்கும். ஆர்வம் போய்விட்டது என்கிறீர்கள். தான் பார்த்ததை எழுதினால் அப்பா அந்த வரியை அடித்துவிடுவார் என்று அவள் தெரிந்துகொண்டாள், அதனால்தான்.

நீங்கள் செய்ததற்குப் பெயர் பிழை நீக்கம். பிள்ளை செய்தது படியெடுத்தல். இரண்டிலும் அவள் எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. திருத்தி எழுதுவதற்கு ஒரு வரிசை உண்டு: முதலில் பொருள், பிறகு பத்திகளின் அடுக்கு, பிறகு வாக்கியம், கடைசியில்தான் ஒற்றும் ல, ள, ழவும். எழுத்துப்பிழையில் தொடங்கினால் நாளைக்கு நீக்கப்போகிற வாக்கியத்தை இன்று செப்பனிட்டுக்கொண்டிருப்போம். செப்பனிட்டுவிட்டோமே என்று பிறகு அதை நீக்கவும் மனம் வராது.

எழுதிய தாளை ஒருநாள், முடிந்தால் இரண்டு நாள், மூடிவைக்கச் சொல்லுங்கள். எழுதிய சூட்டில் படித்தால் தாளில் இருப்பதைக் கண் பார்க்காது, மனதில் இருப்பதையே பார்க்கும். பிறகு ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும், அந்தப் பத்தி என்ன சொல்கிறது என்று ஐந்தாறு சொற்களில் பென்சிலால் அவளே குறிக்கட்டும். குறிக்க முடியவில்லை என்றால் பத்தியில் பொருள் இல்லை. இரண்டு பத்திகளுக்கு ஒரே குறிப்பு வந்தால் ஒன்று போதும். உங்கள் மகளின் கட்டுரையில் இரண்டாம் பத்தியும் நான்காம் பத்தியும் 'புத்தகம் அறிவு தரும்' என்பதையே சொல்கின்றன. முன்னுரையைக் கடைசியில் எழுதலாம். கட்டுரை எங்கே போய்ச் சேரும் என்று தெரியாதபோது எழுதும் முன்னுரைதான் "இன்றைய நவீன உலகில்" என்று ஆரம்பிக்கிறது.

உங்கள் பங்கு கேள்வி கேட்பது. மூன்று கேள்விகளுக்கு மேல் வேண்டாம். வாக்கியம் எழுதிக் கொடுக்காதீர்கள், ஒரு சொல்கூட. "யார்?", "எப்போது பார்த்தாய்?", "அதனால் என்ன ஆயிற்று?" என்பவை போதும். சிவப்பு மையை எடுத்து வைத்துவிடுங்கள்.

வாக்கியத்துக்கு வரும்போது அவள் வாய்விட்டுப் படிக்கட்டும். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், நீண்ட வாக்கியத்தில் எழுவாய் நடுவழியில் தொலைந்துபோகும். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசி வினையிலும் விரலை வைத்து 'யார்? எது?' என்று கேட்கப் பழக்குங்கள். "மாணவர்கள் நூலகத்திற்குச் சென்று அறிவு வளர்கிறது" என்று எழுதியிருக்கிறாள். சென்றவர்கள் மாணவர்கள், வளர்வது அறிவு. 'சென்று' என்று எழுதினால் சென்றவரே அடுத்த வினையையும் செய்ய வேண்டும். "சென்றால் அறிவு வளர்கிறது" என்றால் சரியாகிவிடும். "புத்தகங்கள் தருகிறது" என்பதும் இதே விரலில் சிக்கும். இரண்டிலும் உங்கள் சிவப்பு மை படவில்லை. 'முக்கியம்' என்று அவள் எழுதியதை 'இன்றியமையாதது' என்று மாற்றுவதில் கவனமாக இருந்திருக்கிறீர்கள்.

மேற்கோள்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது முறை எழுதும்போது பழைய தாளைப் பக்கத்தில் வைக்காமல், ஓரக் குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு எழுதச் சொல்லுங்கள். தாள் கண்ணெதிரே இருந்தால் கை பழைய வாக்கியத்தையே பிடிக்கும். முதல் இரண்டு மூன்று கட்டுரைகளுக்கு நீங்கள் கேட்க வேண்டியிருக்கும். பிறகு எழுதும்போதே அந்தக் கேள்விகள் அவளுக்குத் தோன்றும். பார்க்க அழகாயிருக்கிற, ஆனால் எதுவும் சொல்லாத ஒரு வரியை ஒருநாள் தானாகவே அடிப்பாள். வளர்ச்சி என்று நான் சொல்வது அதைத்தான். மதிப்பெண் உடனே ஏறாமலும் போகலாம். அதற்காக அவளிடம் முகத்தைக் காட்டாதீர்கள்.

கையால் எழுதுவதா கணினியா என்பது அவள் விருப்பம். என்ன படிக்கலாம் என்பதும் அப்படியே. கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாத எதையும் படிக்கட்டும், பட்டியல் தரமாட்டேன்.

தேர்வில் இரண்டாம் வடிவத்துக்கு நேரம் இருக்காது. அங்கே ஓரக் குறிப்பை முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். அரைமணி நேரக் கட்டுரை என்றால் ஐந்து நிமிடம் அதற்கு, கடைசி மூன்று நிமிடம் வினைமுற்றுகளில் விரல் வைத்துப் பார்ப்பதற்கு.