அரிசி டிரம்மின் மேல் ஒரு டிராயிங் போர்டு

கேள்வி: எனக்கு 34 வயது. மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. அம்மா என் சம்பளத்தில்தான் இருக்கிறார். சின்ன வயதிலிருந்தே காமிக்ஸ் பைத்தியம். ஆறு காமிக்ஸ் இதழ்கள் எழுதி, சொந்தச் செலவில் அச்சிட்டு, புத்தகத் திருவிழாக்களில் விற்றிருக்கிறேன். சினிமா, சூப்பர் ஹீரோக்கள், பழைய காமிக்ஸ் என்று கட்டுரைகளும் எழுதுவேன். பேட்மேனை உருவாக்கிய பில் ஃபிங்கருக்கு நடந்த அநியாயத்தைப் பற்றி எழுதியதை நிறையப் பேர் பாராட்டினார்கள். என் நோட்டில் 14 புதிய கதைத் திட்டங்கள் இருக்கின்றன. ஆனால் இரண்டு வருடமாக ஒன்றுகூட முடியவில்லை. இதுவரை படம் போட்டது என் தங்கை. கல்யாணமாகி விருதுநகர் போனபின் அவளால் முடிவதில்லை. பத்து மாதக் குழந்தை வேறு. இந்தப் பொங்கலுக்குச் சீர் கொண்டுபோனபோது பார்த்தேன், அவளுடைய டிராயிங் போர்டு அரிசி டிரம்முக்கு மூடியாகக் கிடந்தது. ஆர்வமே போய்விட்டது போல. பக்கத்துக்கு 1,500 ரூபாய் கேட்கும் ஓவியர் ஒருவரிடம் பேசி வைத்திருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாக இறங்கினால்தான் நடக்கும் என்று தோன்றுகிறது. வீட்டில் யாருக்கும் புரியவில்லை. நான் என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: தம்பி, வேலையை விடலாமா என்று கேட்கும் கடிதங்கள் எனக்கு மாதத்துக்குக் குறைந்தது நான்கு வரும். சினிமாவுக்காக, பாட்டுக்காக, நாவலுக்காக. அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வரி போதும்: விடாதீர்கள். உங்கள் சம்பளத்தில்தான் அம்மா இருக்கிறார். அத்துடன், இரண்டு வருடமாக நீங்கள் எழுதாமல் இருப்பதற்கு அந்தக் கணக்கு வேலை காரணமே இல்லை. அதே வேலையில் இருந்துகொண்டுதானே ஆறு இதழ்கள் கொண்டுவந்தீர்கள்?

எனக்கு அந்த அரிசி டிரம்மைப் பற்றிப் பேச வேண்டும்.

அதை நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். போகிற போக்கில், தங்கைக்கு ஆர்வம் போய்விட்டது என்பதற்குச் சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதை வேறு மாதிரி படித்தேன். கல்யாணமாகிப் போகிற பெண் எதையெல்லாம் எடுத்துப் போவாள்? பாத்திரம், பீரோ, கட்டில், துணிமணி. அது எல்லாருக்கும் போவது. அவற்றோடு ஒரு டிராயிங் போர்டையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள் உங்கள் தங்கை. அதை எடுத்து வை என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். புகுந்த வீட்டில் உட்கார்ந்து வரைவோம் என்று நம்பித்தான் கொண்டுபோயிருக்கிறாள். ஆர்வம் போனவள் அதை உங்கள் வீட்டுப் பரணிலேயே விட்டுவிட்டுப் போயிருப்பாள். இரண்டு வருடம் கழித்தும் அதை விறகுக்கோ பழைய சாமான்காரனுக்கோ போடாமல், கையெட்டும் இடத்தில் வைத்திருக்கிறாள். தினமும் அரிசி எடுக்கும்போது அதைத் தூக்கி, திரும்ப மூடுகிறாள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை அவள் கை அதன்மேல் படுகிறது. நீங்கள் சீராகக் கொண்டுபோன அரிசியைக் கொட்டுவதற்கும் அதைத்தான் தூக்கியிருப்பாள்.

நீங்கள் அதைப் பார்த்தீர்கள். சாப்பிட்டீர்கள். பஸ் ஏறி வந்துவிட்டீர்கள். "ஏம்மா, போர்டு ஏன் இங்கே கிடக்கிறது?" என்று ஒரு வார்த்தை கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

கடிதத்தோடு இரண்டு இதழ்களும் அனுப்பியிருந்தீர்கள். இரண்டையும் இரண்டு முறை படித்தேன். முன்னட்டையில் "கதை, உருவாக்கம்" என்று பெரிய எழுத்தில் உங்கள் பெயர். பின் அட்டையில் உங்கள் புகைப்படம், உங்களைப் பற்றி எட்டு வரி. தங்கையின் பெயரைத் தேடினேன். கடைசிப் பக்கத்தின் அடியில், அச்சகத்துக்குச் சொன்ன நன்றிக்குக் கீழே, "ஓவிய உதவி: என் அன்புத் தங்கை" என்று இருக்கிறது. பெயர்கூட இல்லை, தம்பி. அன்புத் தங்கை என்பது உறவு. அந்தப் பெண்ணுக்கு நீங்கள் பிறந்தநாள் வாழ்த்து எழுதும்போது அது சரி. 16 பக்கங்களை வரைந்து, மை போட்டு, வசனம் வரும் பலூனுக்குள் எழுத்தும் எழுதியவருக்குப் பெயர் வேண்டும்.

அந்தப் படங்களை நீங்கள் உண்மையிலேயே பார்த்திருக்கிறீர்களா என்று எனக்குச் சந்தேகம். உங்கள் நாயகன் லாட்ஜ் சுவரேறிக் குதிக்கும் காட்சி, சரி, நாம் பல இடங்களில் பார்த்ததுதான். அதற்குப் பின்னால் டிரான்ஸ்பார்மர் மேல் சாய்த்து வைத்த, ஸ்டாண்ட் இல்லாத ஒரு சைக்கிள் நிற்கிறது. பூக்காரம்மா கூடையின் மேல் ஈரத் துண்டைப் போட்டு மூடிவிட்டுத் தூங்குகிறார். மாட்டுத்தாவணியில் விடிகாலை வந்து இறங்கிய எல்லாருக்கும் தெரியும் மதுரை அது. உங்கள் வசனத்தில் அது எங்கேயும் இல்லை. அவள் பார்த்து வைத்திருந்தது. அப்புறம் அந்த பலூன்கள். தமிழில் சொற்கள் நீளம், உங்கள் வசனங்கள் அதைவிட நீளம். முகத்தையும் மறைக்காமல், படிக்கும் வரிசையும் குழம்பாமல் ஒவ்வொரு கட்டத்திலும் அத்தனை எழுத்துக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறாள். அது தனி வித்தை. நீங்கள் ஒரு பக்கத்தின் வசனத்தை ராத்திரி ஒரு மணி நேரத்தில் எழுதியிருப்பீர்கள். அந்தப் பக்கத்தைப் பென்சிலில் போட்டு மை ஏற்ற அவளுக்கு ஒரு முழு நாள் போயிருக்கும். ஆறு இதழ், 96 பக்கம். 96 நாட்கள், தம்பி.

இப்போது, வெளியாள் ஒருவருக்குப் பக்கத்துக்கு 1,500 கொடுக்கத் தயாராக இருக்கிறீர்கள். 96 பக்கத்துக்கு அந்தக் கணக்கைப் போட்டால் 1,44,000 ரூபாய். கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவர் நீங்கள். இந்தப் பெருக்கலை ஒரு நாள்கூடப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லையா? தங்கை என்றால் இலவசம் என்று யார் சொன்னது?

பில் ஃபிங்கரைப் பற்றி எழுதினேன் என்கிறீர்கள். நல்லது, அந்தக் கதையிலேயே வருகிறேன். 1939இல் டிடெக்டிவ் காமிக்ஸின் 27ஆம் இதழில் பேட்மேன் முதன்முதலாக வந்தபோது, அந்தக் கதையை எழுதியவர் ஃபிங்கர். ஓவியர் பாப் கேன் முதலில் வரைந்து காட்டிய உருவத்தில் சிவப்பு உடையும் விறைப்பான இறக்கைகளும் இருந்தன. தலையை மூடும் முகமூடி வை, இறக்கைக்குப் பதிலாக அங்கி வை, நிறத்தை மங்கலாக்கு என்று சொன்னவரும் ஃபிங்கர்தான். ஆனால் ஒப்பந்தம் கேனின் பெயரில். அதனால் எத்தனையோ வருடங்களுக்கு "உருவாக்கியவர் பாப் கேன்" என்று மட்டுமே அச்சாகியது. 1974இல் ஃபிங்கர் இறந்தார். கேன் தன் சுயசரிதையில் வருத்தப்பட்டு எழுதியபோது ஆண்டு 1989. ஃபிங்கரின் பெயர் அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது 2015இல், அவர் போய் 41 வருடம் கழித்து.

இதையெல்லாம் நீங்கள் என்னைவிட விரிவாக எழுதியிருப்பீர்கள், படித்தவர்களுக்குக் கண் கலங்கியும் இருக்கும். அங்கே ஓவியர் எழுத்தாளரை மறைத்தார். உங்கள் வீட்டில் எழுத்தாளர் ஓவியரை மறைத்திருக்கிறார். நியூயார்க்கில் நடந்த அநியாயம் மதுரையில் இருக்கும் உங்களுக்குத் தெரிந்தது. ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் விருதுநகர் தெரியவில்லை. எனக்கு உங்கள் மேல் கோபம் வந்த இடம் இதுதான்.

நம் காமிக்ஸ் வாசகர்களுக்கே இந்தப் பழக்கம் உண்டு. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக இரும்புக்கை மாயாவி வந்தது. மின்சாரத்தைத் தொட்டதும் உடல் மறைந்து, அந்த இரும்புக் கை மட்டும் காற்றில் தெரியும். அதைப் பார்த்து மிரண்ட மிரட்சியில், அதை யார் வரைந்தது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. இங்கிலாந்தில் 1962இல் அதன் மூலத் தொடர் ஆரம்பித்தபோது அங்கேயும் வாரப் பத்திரிகைகளில் படைப்பாளியின் பெயரைப் போடும் வழக்கம் இல்லை. வரைந்தவர் ஸ்பெயின்காரர், பார்சிலோனாவில் பிறந்த ஹெஸுஸ் பிளாஸ்கோ. அவர் குடும்பமே சித்திரக் குடும்பம். தம்பிகள் கூட உட்கார்ந்து வரைந்தவர்கள். தங்கை பிலியும் காமிக்ஸ் ஓவியர். ஆனால் அந்தத் தங்கை "பிலி பிளாஸ்கோ" என்று அறியப்பட்டாள். பிளாஸ்கோவின் அன்புத் தங்கை என்று இல்லை.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஆஸ்டெரிக்ஸ் என்ற பிரெஞ்சு காமிக்ஸை எழுதிய கோஸினியும் வரைந்த உடெர்ஸோவும் உறவினர்கள் இல்லை, நண்பர்கள். 1956இல் படைப்பாளிகளின் உரிமைக்காகப் பேசியதற்கு கோஸினியின் வேலை போனது. உடெர்ஸோ அவரோடு சேர்ந்து வெளியேறினார். 1977இல், பெல்ஜியத்துக்குப் போகும் கதை பாதி வரைந்துகொண்டிருக்கும்போது கோஸினி திடீரென்று இறந்துவிட்டார். வயது 51. அந்தப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். குறிப்பிட்ட ஒரு இடத்திலிருந்து வானம் சாம்பல் நிறமாகி மழை பெய்ய ஆரம்பிக்கும். நண்பன் போன செய்திக்குப் பின் உடெர்ஸோ வரைந்த பக்கங்கள் அவை. அதற்கப்புறம் கதையையும் தானே எழுதினார், ஆனால் ஒவ்வொரு அட்டையிலும் கோஸினியின் பெயரைப் போட்டார். செத்தவருக்கு அந்த மரியாதை. உயிரோடு, விருதுநகரில், கூப்பிட்டால் போனை எடுக்கும் தூரத்தில் இருக்கிறவளுக்கு நாம் என்ன செய்திருக்கிறோம்?

குடும்பத்தில் யாருக்கும் புரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் குடும்பத்தில் ஒருத்திக்குப் புரிந்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்குக் கிடைத்த ஓய்வு நேரத்தையெல்லாம் உங்களுக்குக் கொடுத்தாள். அவள் போனதும் வேலை நின்றுபோனதை உங்கள் மனத்தின் வறட்சி என்று நினைத்து, 14 திட்டங்களை எழுதி நோட்டை நிரப்புகிறீர்கள். வறட்சி இல்லை. கூட்டாளி போய்விட்டாள். அவளைக் கூட்டாளி என்று நீங்கள் ஒத்துக்கொள்ளாததால் ஏன் நின்றது என்பதும் தெரியவில்லை.

அண்ணன் என்பவன் பொங்கலுக்கும் ஆடிக்கும் தட்டுத் தூக்கிக்கொண்டு போவதோடு முடிந்துவிடுவதில்லை என்று நினைக்கிறவள் நான். சீர் கொடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன், அது பிறந்த வீடு இன்னும் உன்னை மறக்கவில்லை என்று சொல்வது. ஆனால் பச்சரிசியும் வெல்லமும் புடவையும் எந்த அண்ணனும் எந்தத் தங்கைக்கும் கொடுக்கக்கூடியது. உங்கள் தங்கைக்கு என்று நீங்கள் மட்டும் கொடுக்கக்கூடிய ஒன்று இருந்தது. அதை உங்கள் பெயரில் வைத்துக்கொண்டீர்கள்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த நோட்டை மூடி வையுங்கள். 1,500 ரூபாய் ஓவியரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். ஆறு இதழ்களையும் ஒரே தொகுப்பாக மறுபடி அச்சிடுங்கள். முன்னட்டையில் இரண்டு பெயர்கள், ஒரே அளவு எழுத்தில். பின் அட்டையில் அவளைப் பற்றியும் எட்டு வரி. அதை அவளே எழுதட்டும். விற்பதில் பாதி அவள் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகட்டும், மாப்பிள்ளை கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். பழைய 96 பக்கத்துக்கான பணத்தை ஒரே தடவையில் உங்களால் தர முடியாது என்று தெரியும். மாதம் 4,000 வைத்தால் மூன்று வருடத்தில் முடிந்துவிடும். அவள் வேண்டாம் என்பாள். வேண்டாம் என்றாலும் அனுப்புங்கள்.

மாப்பிள்ளையிடம் போய் "என் தங்கையை வரைய விடுங்கள்" என்று கேட்க வேண்டாம். அது அவளை இரண்டு ஆண்களுக்கு நடுவில் நிறுத்துவது. அவர் தடுத்ததாக நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை, நானும் அப்படி நினைக்கவில்லை. பத்து மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு மை பாட்டிலைத் திறக்க யாராலும் முடியாது. படம் வரைய வேண்டியது தொடர்ச்சியாக இரண்டு மணி நேரம். நடுவில் யாரும் கூப்பிடாத இரண்டு மணி நேரம். அந்த வீட்டில் அவளிடம் இல்லாதது அதுதான், அதைக் கொடுக்க உங்களால் முடியும். நீங்கள் தாய்மாமன். காதுகுத்துக்கு மடியில் உட்காரவைப்பதற்கு மட்டுமா தாய்மாமன்? ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறுங்கள். அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடங்கள், பால் கொடுங்கள், தூங்க வையுங்கள். சிறுநீர்த் துணி மாற்றவும் கற்றுக்கொள்ளுங்கள். எந்தக் கதையையும் கையில் எடுத்துப் போகாதீர்கள். என்ன வரைந்தாய் என்றும் கேட்காதீர்கள்.

அவள் உங்கள் 14 கதைகளில் ஒன்றைக்கூட வரைய மாட்டேன் என்று சொல்லக்கூடும். அந்தப் பூக்காரம்மாவைப் பற்றி அவளிடமே ஒரு கதை இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படி இருந்தால், பலூன் எழுத்தை நீங்கள் எழுதிக் கொடுங்கள். ஓவியருக்கு உதவுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியட்டும்.

அடுத்த ஞாயிறு கிளம்பும் முன் அம்மாவை போன் செய்யச் சொல்லி அந்த டிரம்மின் வாய் எத்தனை அங்குலம் என்று கேட்டு வாங்குங்கள். பாத்திரக் கடையில் அந்த அளவுக்கு நல்ல மூடியாக ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள்.